மணிக்கூட்டில் முதல் கீறல்: பொலிஷ் போட ஓட முதல்

கீறல் விழுந்த அன்றைக்கு ஒன்றும் செய்யாதீர்கள். மணிக்கூட்டைக் கழற்றி ஒரு படம் எடுத்து வைத்துவிட்டு, ஒரு கிழமை வழமைபோலக் கட்டுங்கள். சுவிஸில் இருக்கும் சித்தப்பா வந்து கையில் போட்டுவிட்ட ஒமேகாவோ, சீட்டு எடுத்து வாங்கிய ரோலெக்ஸோ, எதுவானாலும் இதுதான் முதல் வேலை. அன்று பின்னேரமே பற்பசையோடு குந்தியிருந்து தேய்த்த மணிக்கூடுகளைத் திருத்துவதுதான் பிறகு பெரிய செலவாகிறது.

ஏன் பொறுக்க வேண்டும் என்றால், கீறல் விழுந்த இடத்தில் உலோகம் அநேகமாக எங்கும் போய்விடவில்லை. ஏர் போன சாலில் மண் இரண்டு பக்கமும் எழும்பி நிற்கிறதல்லவா, அதே மாதிரித்தான். நடுவில் பள்ளம், இரு கரையிலும் சின்ன வரம்பு. புதுக் கீறல் கண்ணைக் குத்துவதற்குக் காரணம் பள்ளம் மட்டுமல்ல, வெளிச்சத்தைப் பிடித்துத் திருப்பி அடிக்கும் அந்தக் கூரான வரம்புகளும்தான். சட்டைக் கையும் தோலும் உரசி உரசி அவை மெல்ல மழுங்கத் தொடங்கும், கீறலும் அவ்வளவாகக் கண்ணில் படாது. பொலிஷ் செய்யும் வேலை வேறு. அந்த ஒரு சாலை மறைக்க வயல் முழுவதையும் சாலின் அடிமட்டத்துக்கு இறக்குவதுதான் பொலிஷ். இறக்கிய மண் திரும்பி வராது. ஒரு கேஸ், அதாவது மணிக்கூட்டின் உலோகக் கூடு, தன் ஆயுளில் தாங்கக்கூடிய முழுப் பொலிஷ் கைவிரலில் எண்ணக்கூடியதுதான். அதன்பிறகு காதுகள் மெலிந்து, விளிம்புகள் உருண்டு, சவர்க்காரக் கட்டி மாதிரி ஆகிவிடும். (பட்டியோ செயினோ பூட்டும் நான்கு கொம்புகளையே காது என்கிறோம்.)

வன்னியில் கட்டும் மணிக்கூடு கொழும்பில் ஏசி அறைக்குள் கட்டும் மணிக்கூட்டைவிட வேகமாகக் கீறல்படும். பெரும்பாலான ஸ்டீல் மணிக்கூடுகள் 316எல் ரகம். ரோலெக்ஸ் பயன்படுத்துவது 904எல். விலை கூடியதால் 904எல் கடினமானது என்று நினைக்க வேண்டாம். அது துருவை, உப்பை நன்றாகத் தாங்கும், கீறலுக்கு இரண்டும் ஒன்றுதான். கடினத்தை 1 முதல் 10 வரை காட்டும் மோஸ் அளவில் ஸ்டீல் 5-க்கும் 6-க்கும் இடையில் நிற்கிறது. மணலில் உள்ள படிகக்கல் 7. கொக்கிளாய், புல்மோட்டைக் கரைகளின் கருமணலில் கலந்திருக்கும் சிர்கோன் 7.5. ஆக சோளகம் அடிக்கும் மாதங்களில் மேசையில் படிகிற செந்தூசியே உங்கள் செயினைவிடக் கடினம். தூசி படிந்த மணிக்கூட்டைச் சாரத் தலைப்பால் துடைப்பது சாண்ட்பேப்பர் போடுவதற்குச் சமம். முதலில் தண்ணீர், பிறகுதான் துணி. முல்லைத்தீவுக் கடற்கரைக்குப் போய்வந்த நாளில் இது இன்னும் முக்கியம்.

கண்ணாடி சபையர் என்றால் மோஸ் 9. சாதாரண மணல் அதைக் கீறாது. சபையரில் கீறல் தெரிகிறது என்றால் முக்கால்வாசி நேரம் அது கண்ணாடியில் இல்லை. மேலே பூசியிருக்கும் எதிரொளி தடுக்கும் மெல்லிய படலத்தில்தான் இருக்கும், அல்லது வேறொரு உலோகம் உரசி ஒட்டியிருக்கும். இதைத்தான் முதலில் பிரித்தறிய வேண்டும்.

பிரித்தறிய வேண்டுமானால் கழுவிப் பார்க்க வேண்டும். சாவி (நேரம் மாற்றப் பக்கத்தில் உள்ள குமிழ்) முழுக்க உள்ளே தள்ளியிருக்கிறதா, திருகும் சாவியென்றால் இறுகத் திருகியிருக்கிறதா என்று இரண்டு தரம் பாருங்கள். தோல் பட்டியைக் கழற்றுங்கள். பின்மூடியில் நீர் தாங்கும் அளவு 100 மீற்றரோ அதற்கு மேலோ போட்டிருந்து, மணிக்கூடும் பழையதல்ல என்றால் ஒரு கோப்பை இளஞ்சூட்டுத் தண்ணீரில் இரண்டு துளி பேபி ஷாம்பூ விட்டு, மென்மையான பிரஷால் செயின் இடுக்கு, காதின் உட்பக்கம், பெசல் (கண்ணாடியைச் சுற்றிய வளையம்) ஓரம் எல்லாம் தேயுங்கள். 30 மீற்றர் என்று போட்டிருந்தால் முக்கி எடுக்க வேண்டாம், பிழிந்த ஈரத்துணி போதும். கடைசி அலசலுக்கு மட்டும் கிணற்றுத் தண்ணீர் வேண்டாம். எங்கள் பக்கத்துத் தண்ணீரில் சுண்ணாம்பு கூட. காய்ந்தால் வெண்படலம் விடும், அதுவே நுண்கீறல் போலத் தெரிந்து ஆளை ஏமாற்றும். குடிக்க வாங்கும் ஆர்.ஓ. தண்ணீர் ஒரு கோப்பை போதும். பலமுறை துவைத்துப் பதமான பருத்தித் துணியால் ஒற்றி எடுங்கள், தேய்க்க வேண்டாம்.

இனி அறை லைற்றை அணைத்துவிட்டு, ரொர்ச்சை ஒரு பக்கமாகச் சரித்துப் பிடித்து, மணிக்கூட்டை மெல்லத் திருப்புங்கள். பொற்கொல்லர் கண்ணில் வைக்கும் 10 மடங்கு லூப் இருந்தால் நல்லது. போன் கமராவைப் பெருக்கிப் பார்த்தாலும் ஆகும். பிறகு நகநுனியைக் கீறலுக்குக் குறுக்கே, பாரம் கொடுக்காமல் இழுங்கள். நகம் தடக்கினால் ஆழக்கீறல், வீட்டுவேலை இல்லை. தடக்காவிட்டால் மேலோட்டம், அதை விட்டாலும் பரவாயில்லை, செய்தாலும் செய்யலாம். கீறல் பள்ளமாக இல்லாமல் மேட்டுக்கோடாக, சாம்பலாகவோ மஞ்சளாகவோ தெரிந்தால் அது ஒட்டிய உலோகம். அலுமினிய யன்னல் சட்டம், பித்தளைக் கைபிடி, மோட்டார் சைக்கிள் பிரேக் கொழுவி எல்லாம் சபையரிலும் செரமிக் பெசலிலும் இப்படிக் கோடு போடும், உண்மையில் கீறுபட்டது அவைதான். பள்ளிக்கூடப் பிள்ளையின் வெள்ளை அழிறப்பரை எடுத்து அந்தக் கோட்டின் மேல் ஒரு நிமிடம் தேய்த்துப் பாருங்கள். அநேகமாகப் போய்விடும். முதற்கீறல் என்று நெஞ்சிடித்துக்கொண்டு கொண்டுவரப்படும் எத்தனையோ செரமிக் பெசல்களுக்கு மருந்து இந்த அழிறப்பர்தான்.

கை வைக்கவே கூடாதவையும் உண்டு. கறுப்பு நிறப் பிவிடி, டிஎல்சி பூச்சு சில மைக்ரோன்தான் தடிப்பு. தேய்த்தால் அடியில் உள்ள வெள்ளை ஸ்டீல் வெளியே வரும், பூச்சை வீட்டில் திரும்பப் போட வழியில்லை. தங்க முலாமும் அப்படியே. சிற்றிசனின் டியூராடெக்ட், செய்கோவின் டயாஷீல்ட் போன்றவையும் மேற்பரப்பை மட்டுமே கடினமாக்கியவை, உராய்ந்தால் அந்தக் கவசம்தான் போகும். ரோடியம் பூசிய வெள்ளைத்தங்கத்தைத் தேய்த்தால் மஞ்சள் எட்டிப் பார்க்கும். கிராண்ட் செய்கோவின் சரட்சுப் பொலிஷ் தகரத் தட்டில் அழுத்தி எடுத்த தட்டைக் கண்ணாடி. கைத்துணி போட்டால் அந்தத் தட்டை அலையாகிவிடும். பெசலில் சூரியக் கதிர்போல வட்டத்திலிருந்து விரியும் கோடுகளையும் கையால் போட முடியாது, விட்டுவிடுங்கள்.

மிச்சம் இருப்பது சாதாரண ஸ்டீல். அதில் மாட் முகம், பொலிஷ் முகம் என்று இரண்டு. மாட் முகத்தில் ஒரே திசையில் மெல்லிய கோடுகள் ஓடும்; பொலிஷ் முகத்தில் உங்கள் முகம் தெரியும். பெரும்பாலான மணிக்கூடுகளில் இரண்டும் அருகருகே இருக்கும், நடுவில் ஒரு கூரான விளிம்பு. மணிக்கூட்டின் அழகு பாதி அந்த விளிம்பில்தான், வீட்டுப் பொலிஷில் முதலில் போவதும் அதுதான். மாட்டுக்கு உரியதைப் பொலிஷில் வைத்தாலும், பொலிஷுக்கு உரியதை மாட்டில் வைத்தாலும் ஒரே தேய்ப்பில் காரியம் கெட்டுவிடும்.

முதற்கீறல் விழும் இடம் அநேகமாகச் செயின் பூட்டு. மேசை, மடிக்கணினி, கிணற்றுக்கட்டு எல்லாவற்றிலும் முதலில் படுவது அதுதான். நல்லகாலமாக, வீட்டில் மிகவும் துணிந்து செய்யக்கூடிய இடமும் அதுதான்: அதிகமாக மாட் முகம், பிழைத்தாலும் மணிக்கட்டின் அடியில் மறைந்திருக்கும், பூட்டை மட்டும் தனியாக மாற்றவும் முடியும்.

இதற்கு வேண்டியது வாகனப் பெயின்ற் சாமான் விற்கும் கடையில் கிடைக்கும் ஸ்கொட்ச்-பிரைட் அட்டை. மெரூன் நிறம் முரடு, சாம்பல் நிறம் மென்மை. சாம்பலில் தொடங்குங்கள். குசினியில் சட்டி தேய்க்கும் பச்சை அட்டையும் அதே குடும்பம்தான், ஆனால் புதுப்பச்சை ஒழுங்கில்லாத ஆழக்கோடுகளைப் போடும், முதற்தடவைக்கு உகந்ததல்ல. பூட்டையோ செயினையோ கேஸில் இருந்து கழற்றிவிடுங்கள். பக்கத்துப் பொலிஷ் ஓரங்களுக்கும், மேலே எழும்பி நிற்கும் சின்னத்துக்கும் மாஸ்கிங் ரேப் மூன்று மடிப்பு ஒட்டுங்கள். ஒரு மடிப்பு போதாது, நாலாவது இழுப்பிலேயே கிழிந்துவிடும். ரேப்பின் ஓரத்தை நகத்தால் அழுத்தி விளிம்போடு சரியாகப் படிய வைக்க வேண்டும்.

அட்டையை 2 சென்ரிமீற்றர் அகலத்துக்கு வெட்டி அழிறப்பர் ஒன்றில் சுற்றிக்கொள்ளுங்கள். விரலால் நேரே பிடித்தால் விரல்நுனி அழுத்தும் இடம் மட்டும் குழிவிழும். அழிறப்பர் பூட்டின் வளைவுக்கு இசைந்து பாரத்தைப் பரப்பும். ஏற்கெனவே உள்ள கோடுகளின் திசையைப் பார்த்து, அதே திசையில், பூட்டுக்கு வெளியே தொடங்கி மறுபக்கம் வெளியே போய் முடியும்படி இழுங்கள். நடுவில் நிறுத்தினால் நிறுத்திய இடத்தில் ஒரு தழும்பு நிற்கும். முன்னும் பின்னும் தேய்க்காதீர்கள், ஒரே பக்கம். முழங்கையை மேசையில் ஊன்றினால் கை வில்லாக வளையும், கோடும் வளையும். தோளிலிருந்து முழுக்கையையும் இழுக்க வேண்டும். தட்டையான செயின் கண்ணிகள் என்றால் இதைவிடச் சுலபமான வழி உண்டு: அட்டையை மேசையில் ஒட்டி, அதன் ஓரத்தில் ஒரு இரும்பு அடிமட்டத்தை வேலியாக வைத்து, அந்த வேலியோடு ஒட்டியபடி செயினை இழுங்கள். கோடு வளைய வழியே இல்லை.

ஐந்து இழுப்பு. துடைத்து ரொர்ச்சில் பாருங்கள். இன்னும் ஐந்து. இருபதில் போகாத கீறல் சாம்பல் அட்டைக்கு அடங்காது. மெரூனில் மெதுவாக மூன்று நான்கு இழுத்து, பிறகு சாம்பலால் முடிக்கலாம். அதற்கும் அடங்காவிட்டால் நிறுத்துங்கள். தேய்த்த கண்ணி மட்டும் பளிச்சென்று தனியாகத் தெரிந்தால், அந்த வரிசையில் உள்ள மற்றக் கண்ணிகளுக்கும் மூன்று மூன்று இழுப்பு கொடுத்தால் ஒன்றுபோலாகிவிடும். முடிந்ததும் ரேப்பை உரித்து, செயினைச் சவர்க்காரத் தண்ணீரில் நன்றாக அலசுங்கள். அட்டையிலிருந்து உதிர்ந்த மணி கண்ணிகளுக்குள் தங்கினால் உள்ளிருந்து அரிக்கும்.

பொலிஷ் முகத்துக்குக் கேப் கொட் துணி என்ற பதப்படுத்திய துணி நல்லது. வெளிநாட்டிலிருந்து வருபவர்களிடம் சொல்லிவிட்டால் கொண்டுவருவார்கள், ஒரு துணி வருடக்கணக்கில் போகும். 2 சென்ரிமீற்றர் சதுரத் துண்டு போதும். கையுறை போட்டுக்கொண்டு, பக்கத்து மாட் முகத்தை ரேப்பால் மூடி, அரை நிமிடம் தேய்த்து, படலம் காய்ந்ததும் சுத்தத் துணியால் துடையுங்கள். மயிரிழைக் கீறல்கள் மங்கும், நகத்தில் தடக்குவது அப்படியே இருக்கும். குத்துவிளக்குத் துலக்கும் பிராசோவை மணிக்கூட்டுக்குக் கொண்டுவராதீர்கள். திரவம் பெசல் அடியிலும் சாவிக் குழாய்க்குள்ளும் இறங்கிக் காய்ந்து வெண்மாவாக நிற்கும், பொத்தான்கள் இறுகும். பற்பசை ஸ்டீலுக்கு உதவாது, ஒரு மங்கலைத்தான் விடும்.

பற்பசைக்கு ஒரு நல்ல இடம் உண்டு: பிளாஸ்டிக் கண்ணாடி. ஒமேகா ஸ்பீட்மாஸ்டர் புரொபெஷனலின் ஹெசலைற் ரகமும் அந்தக் காலத்து மணிக்கூடுகள் பலவும் இப்படித்தான். நகத்தால் தட்டினால் சத்தம் மந்தமாக இருக்கும், தொட்டால் கண்ணாடிபோலக் குளிராது. பொலிவொச் பசை இருந்தால் அது, இல்லாவிட்டால் நிறமணிகள் இல்லாத வெள்ளைப் பற்பசை ஒரு பயறளவு. பெசலுக்கு ரேப் ஒட்டிவிட்டு, பஞ்சால் கீறலுக்குக் குறுக்கே மூன்று நான்கு நிமிடம். கண்ணாடி முதலில் புகைமூட்டமாகும், பயப்பட வேண்டாம், தொடர்ந்து தேய்க்கத் தெளியும். ஆழமென்றால் 1500, பிறகு 2000 ஈரச் சாண்ட்பேப்பர் போட்டுவிட்டுப் பசைக்குப் போக வேண்டும். சாதாரண கனிமக் கண்ணாடியையும் சபையரையும் தேய்ப்பது வீண்வேலை, மாற்றுவதுதான் வழி.

நகம் தடக்கும் கீறலோடு பலர் போவது ஊர் நகைக்கடைக்கு. பொற்கொல்லரின் கைத்திறனில் குறையில்லை, அவருடைய மோட்டர்தான் பிரச்சினை. நிமிடத்துக்கு 2,800 சுற்று அளவில் ஓடும் துணிச்சக்கரம் தங்கக் காப்புக்கு உரியது. காப்பு உருண்டை, மணிக்கூடு தட்டையும் விளிம்பும். மெத்தென்ற சக்கரம் விளிம்பைச் சுற்றி மடிந்து அதைத்தான் முதலில் தின்னும், ஒரு நிமிடத்தில் மாட் முகம் எல்லாம் பொலிஷாகிவிடும். செயினோடு பிடித்தால் சக்கரம் கண்ணியைக் கவ்வி மணிக்கூட்டைச் சுவரில் வீசியடித்த சம்பவங்களும் உண்டு. மெழுகுப்பசை சூட்டில் உருகிச் சாவி ஓரத்தால் உள்ளே இறங்கும். “தம்பி, பத்து நிமிசத்திலை புதுசாக்கித் தாறன்” என்றால் மணிக்கூட்டைத் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள். அங்கே கேட்கக்கூடியது ஒன்றுண்டு: “அண்ணை, செயினை மட்டும் கழற்றி அல்ட்ராசொனிக்கிலை கழுவித் தாங்கோ, மோட்டரிலை வைக்க வேண்டாம்.” தலையை, அதாவது இயந்திரம் உள்ள பகுதியை, அந்தத் தொட்டியில் போடவே கூடாது, அதிர்வில் நுண்திருகுகள் இளகும்.

முறையான பொலிஷ் என்றால் இயந்திரம், கண்ணாடி, பெசல், சாவி எல்லாம் கழற்றி வெறுங்கேஸை மட்டும் எடுத்து, தட்டை முகத்தைச் சுழலும் தட்டையான தட்டில் வைத்துச் செய்வது. ஆழமான குழியென்றால் அதே உலோகக் கம்பியை லேசரால் உருக்கி நிரப்பிவிட்டுச் சமப்படுத்துவார்கள், அப்படிச் செய்தால் சுற்றியுள்ள உலோகம் குறையாது. பூட்டும்போது புது ரப்பர் வளையங்களும், முடிவில் நீர் அழுத்தச் சோதனையும் வேண்டும். கழற்றுதல், சுழலும் தட்டு, புது வளையம், நீர்ச் சோதனை என்ற இந்த நாலில் ஒன்றையாவது ‘தேவையில்லை’ என்று சொல்லும் இடத்தில் கொடுக்காதீர்கள். ஒரு கீறலுக்காக மட்டும் வவுனியா தாண்டிக் கொழும்புக்கு 250 கிலோமீற்றருக்கு மேல் கொண்டுபோக வேண்டியதுமில்லை. சில வருடங்களுக்கு ஒருமுறை இயந்திரத்துக்குச் சேர்விஸ் வரும், அன்றைக்கு எல்லாம் சேர்த்துப் பார்த்துக்கொள்ளலாம்.

ஆனால் அந்தச் சேர்விஸிலும் கவனம். பெரிய கொம்பனிகளின் முழுச் சேர்விஸில் கேஸ் பொலிஷ் வழமையாகவே அடங்கும், கேட்காமலே செய்துவிடுவார்கள். பழைய மணிக்கூடு, விற்கும் எண்ணம் உள்ள மணிக்கூடு என்றால் பொலிஷ் படாத கேஸுக்குத்தான் வாங்குபவர் கூடக் கொடுப்பார்.

அடுத்த கீறலைத் தள்ளிப்போட வேண்டுமானால் அதே கையில் காப்பு, செம்பு வளையம் போடாதீர்கள். கோயிலில் கட்டிய நூலை மற்றக் கைக்கு மாற்றுங்கள். வியர்வையும் மணலும் பிடித்த நூல் காதின் உட்பக்கத்தை அராவும். பூட்டில் வந்த கடைப் பிளாஸ்டிக்கை உரியாமல் வைத்திருப்பது பலருக்கு வழக்கம். அதன் அடியில் வியர்வை தேங்கி ஸ்டீலில் புள்ளிக்குழி விழும், அதைக் கீறலைவிட எடுப்பது கஷ்டம். பட்டி மாற்றும்போதுதான் சொந்தக் கையாலேயே பலர் காதைக் கீறுகிறார்கள்: காதின் பின்பக்கம் முழுவதும் ரேப் ஒட்டிவிட்டு, மணிக்கூட்டைத் துவாயில் கவிழ்த்து, ஸ்பிரிங் கம்பியை உட்பக்கமாக, பட்டியை நோக்கி அமுக்குங்கள். கருவியின் முனை வழுக்கினாலும் ரேப்பில்தான் படும்.

சேர்விஸுக்குக் கொடுக்கும் நாளில் காதுகள் நான்கையும் மேலிருந்தும் பக்கத்திலிருந்தும் ஜன்னல் வெளிச்சத்தில் படம் எடுங்கள். பற்றுச்சீட்டில் ‘கேஸும் செயினும் பொலிஷ் செய்ய வேண்டாம்’ என்று எழுதுவித்து, அந்த வரிக்குப் பக்கத்தில் அவர்களின் கையொப்பத்தை வாங்குங்கள். திரும்ப எடுக்கும்போது கடையில் நின்றபடியே படத்தோடு ஒப்பிட்டு விளிம்புகளைப் பாருங்கள். ஏ-9 வீதியில் பஸ் ஏறிய பிறகு சொல்லும் குறையைக் காதில் போட ஆளிருக்காது.